ஊற்றும் வாய்க்காலும்

அறிவைச் சேர்த்து வைப்பது ஒரு பணி. அதனை வேண்டுவோர் கையில் கொண்டு சேர்ப்பது மற்றொரு பணி. பரண்களில் உறங்கிய ஏட்டுச்சுவடிகளைத் தேடி உ. வே. சாமிநாதையர் ஊர் ஊராக அலைந்ததை நாம் அறிவோம். அவர் சுவடியைக் கண்டெடுத்ததோடு அமையவில்லை. ஒப்பிட்டுப் பதிப்பித்துப் படிப்போர் கையில் சேர்த்தார். நம் காலத்து ஏடுகளுள் காணொளிகளும் அடங்கும். அவற்றுக்கும் இவ்விரு பணிகளும் பொருந்தும்.

நம் துறையில் நெடுங்காலம் தொல்காப்பியம் கற்பித்து மறைந்த பேராசிரியர் ஒருவரின் வகுப்புகள் சில ஒளிநாடாவில் பதிவாகியிருந்தன. அவற்றைக் கணிப்பொறிக் கோப்புகளாக மாற்றி இணையப் பக்கத்தில் இட முற்பட்டோம். கோப்பும் இருந்தது, பக்கமும் இருந்தது. ஆயினும், பெற்றோரின் கைப்பேசியில், நாளொன்றுக்கு இவ்வளவு என அளந்து கிடைக்கும் இணையத்தை நம்பிப் பயிலும் மாணவியர், கறுத்த சட்டத்தையே நெடுநேரம் பார்த்திருந்ததாகக் கூறினர். ஆசிரியரின் குரல் அவர்களை எட்டவில்லை. காரணத்தைத் தேடியபொழுது நாம் கற்றவற்றை இளையோருக்கு உரைப்பதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

சட்டமும் பொருளும்

முன்னாளில் இணையப் பக்கத்தில் காணொளி காண, ஃபிளாஷ் போன்ற துணைமென்பொருளைத் தனியே நிறுவ வேண்டியிருந்தது. 2007ஆம் ஆண்டில் ஓப்பரா நிறுவனத்தார், உலாவியே காணொளியை இயக்குமாறு 'வீடியோ' என்னும் உறுப்பினை முன்மொழிந்தனர். 2014 அக்டோபரில் எச்டிஎம்எல் 5 தரநிலையாக ஏற்கப்பட்டபொழுது அவ்வுறுப்பும் அதில் இடம்பெற்றது. ஃபிளாஷ் மென்பொருளுக்கான ஆதரவு 2020 டிசம்பர் 31 அன்று முடிவுற்றது.

இவ்வுறுப்பு தன்னளவில் வெறுஞ்சட்டமே. அதனுள் காட்சி தோன்ற வேண்டுமாயின் ஊற்று ஒன்றனோடு அதனைப் பொருத்த வேண்டும். பொருத்தும் வழிகள் மூன்று எனலாம். கோப்பின் முகவரியைக் கொடுப்பது முதல் வழி. ஒளிப்படக் கருவியிலிருந்து அப்பொழுதே வரும் நேரலை ஓடையை நேரே இணைப்பது இரண்டாம் வழி. துண்டுகளாக வரும் காட்சியை நிரலின்வழி ஊட்டுவது மூன்றாம் வழி.

முதல் வழியில், ஒரே காணொளியைப் பல வடிவங்களில் ஆக்கி, 'சோர்ஸ்' என்னும் உறுப்புகளாக வரிசைப்படுத்தலாம். உலாவி மேலிருந்து கீழாகப் பார்த்துத் தன்னால் இயக்கவியன்ற முதல் வடிவத்தை எடுத்துக்கொள்ளும். ஒவ்வொன்றின் வகையையும் எழுதிவைத்தால், இயலாதவற்றை இறக்கிப் பாராமலே கடந்து செல்லும். மாணவரின் இணைய அளவு மிச்சப்படும். 'இவ்வகையை இயக்குவாயா?' என நிரல்வழி உலாவியை வினவவும் கூடும். அதற்கு அது 'பெரும்பாலும் இயலும்' என்றோ, 'இயலக்கூடும்' என்றோ விடை கூறும். இயலாதெனில் வெற்று விடை தரும். 'உறுதியாக இயலும்' என்று ஒருபொழுதும் கூறுவதில்லை. இவ்வடக்கம் நமக்கும் பாடமாகும்!

தடையும் தீர்வும்

எம்பி4 வகைக் கோப்பில், எக்காட்சி எங்கே உள்ளது எனக் காட்டும் பொருளடக்கப் பகுதி ஒன்று உண்டு. பதிவு முடிந்த பின்னரே அது முழுமை பெறுவதால், பல மென்பொருள்கள் அதனைக் கோப்பின் இறுதியில் எழுதுகின்றன. பொருளடக்கம் கடைசிப் பக்கத்தில் உள்ள நூலைப் போன்றது இது. வழங்கிக் கணிப்பொறி கோப்பினைப் பகுதி பகுதியாகத் தராதபொழுது, முழுக்கோப்பும் இறங்கும் வரை காட்சி தொடங்குவதில்லை. நம் மாணவியர் கண்ட கறுத்த சட்டத்தின் காரணம் இதுவே. பொருளடக்கத்தை முன்னே நகர்த்தியவுடன் காட்சி விரைந்து தொடங்கிற்று.

எனினும் வேகம் குன்றிய இணைப்பில் பாடம் இடையிடையே நின்றது. அங்கே துணைநின்றது மூன்றாம் வழி. 'மீடியாசோர்ஸ்' எனப்படும் இம்முறை 2016 நவம்பரில் தரநிலையாயிற்று. முதலில் வெறுமையான ஊற்று ஒன்றனை நிரல் படைக்கின்றது. அதற்கொரு தற்காலிக முகவரியை ஆக்கி வீடியோ உறுப்பிடம் கொடுக்கின்றது. ஊற்று திறந்ததும் அதனுள் இடைத்தாங்கி ஒன்றை அமைத்துக் காணொளித் துண்டுகளை ஒவ்வொன்றாக இடுகின்றது. ஒன்றனை ஏற்று முடித்த பின்னரே அடுத்ததை இடல் வேண்டும். கோப்பும் இதற்கேற்பத் துண்டாக்கப்பட்டிருத்தல் வேண்டும். இணைப்பின் வேகம் குறைந்தால் அடுத்த துண்டினைக் குறைந்த தரத்தில் பெறலாம். படம் சற்று மங்கினும் பாடம் நிற்பதில்லை.

குரல் எட்டாதார்க்கும்

இவ்வளவில் பணி முடிந்ததென எண்ணியிருந்த வேளையில், செவிப்புலன் குன்றிய மாணவர் ஒருவர் நம்மை அணுகினார். வகுப்பில் ஆசிரியரின் இதழசைவைக் கண்டே பாடம் உணர்பவர் அவர். பழைய நாடாவிலோ பேராசிரியரின் முகமே தெளிவாக இல்லை. 'ஐயா, அவர் என்ன சொல்கிறார்?' என்று அவர் எழுதிக் காட்டிய வினா நம் நெஞ்சைத் தொட்டது.

காட்சியோடு எழுத்தையும் பொருத்த 'ட்ராக்' என்னும் உறுப்பு உண்டு. எந்நேரத்தில் எவ்வரி தோன்ற வேண்டும் என்பதை எளிய உரைக்கோப்பாக எழுதித் தந்தால் போதும். மூன்றாமாண்டு மாணவர்கள் பேராசிரியரின் சொற்களைச் செவிமடுத்து, வரிவரியாக எழுதி, நேரங்குறித்தனர். குற்றியலுகரம் பற்றிய விளக்கத்தை அம்மாணவர் படித்துவிட்டு, எடுத்துக்காட்டு ஒன்றனைப் பற்றி ஐயம் எழுப்பினார். மறைந்த ஆசிரியரிடம் புதிய மாணவர் ஒருவர் பாடம் கேட்கத் தொடங்கிய நாள் அது என்பது மிகையன்று.

மாணவச் செல்வங்களே! கணிப்பொறி அறிவு நமக்கெதற்கு எனத் தமிழ் பயில்வோர் ஒதுங்கி நிற்றல் வேண்டா. நும் ஊர்களில் புலவர், கலைஞர், முதியோர் ஆகியோரின் குரல்கள் ஒலிநாடாக்களிலும் கைப்பேசிகளிலும் சிதறிக் கிடக்கின்றன. உரியோரின் ஒப்புதலோடு அவற்றைத் திரட்டுங்கள். குறைந்த வசதியுடையோரையும், செவிப்புலனற்றோரையும் மனத்திற்கொண்டு இணையத்தில் பொருத்துங்கள். ஊற்று நம்மிடம் உள்ளது. வாய்க்கால் வெட்டுவது நம் கடன்.