வலுவைக் கழற்றிய துப்பாக்கி

டோக்கியோவை ஒட்டிய சிபா மாகாணத்தின் காடுகளில் ஞாயிற்றுக்கிழமை தோறும் போர் நடக்கிறது. மாலையில் இரு தரப்பும் சேர்ந்து டீ குடித்துவிட்டு வீடு திரும்பும். ஆறு மில்லிமீட்டர் பிளாஸ்டிக் குண்டுகளால் சுட்டுக்கொள்ளும் ஏர்சாஃப்ட் விளையாட்டு இது. நிஜத் துப்பாக்கிக்கு எளிதில் அனுமதி தராத ஜப்பானில் 1970களில் பிறந்தது.

அவருக்கு ஐம்பது தாண்டிவிட்டது. கணக்கு எழுதும் உத்தியோகம். கையில் இருப்பது டோக்கியோ மருய் தயாரிப்பான வி.எஸ்.ஆர்.-10. ஒவ்வொரு குண்டுக்கும் போல்ட்டை இழுத்தாக வேண்டும். இழுத்தால் சிலிண்டருக்குள் ஸ்பிரிங் சுருங்கும். விசையை அழுத்தினால் பிஸ்டன் பாய்ந்து, காற்று குண்டை உந்தித் தள்ளும். சைக்கிள் பம்பைவிடப் பெரிய சூட்சுமம் இல்லை.

முப்பது வயதில் அவருக்கு வேண்டியிருந்தது வலு மட்டும்தான். கெட்டியான ஸ்பிரிங் போட்டார். அதைத் தாங்காமல் பிஸ்டனைப் பிடித்து நிறுத்தும் கொக்கி தேய்ந்தது; எஃகில் வாங்கினார். பிறகு பிஸ்டன், பிறகு சிலிண்டர். உதிரிபாகங்களின் விலை துப்பாக்கியின் விலையைத் தாண்டியது. மனைவியிடம் சொன்ன தொகை வேறு.

2005இல், இப்படி வலுவேற்றிய துப்பாக்கிகளால் நெடுஞ்சாலையில் போகும் கார்களைச் சிலர் சுட்டார்கள். கண்ணாடிகள் உடைந்தன. 2006இல் சட்டம் திருத்தப்பட்டது. ஆறு மில்லிமீட்டர் குண்டுக்கு உச்சவரம்பு சுமார் 0.98 ஜூல். மீறும் துப்பாக்கியை வைத்திருப்பதே குற்றம்; சரிசெய்ய ஆறு மாத அவகாசம். யார் காரையும் சுடாத அவரும் ஒரே நாளில் குற்றவாளிகளின் வரிசைக்குப் பக்கத்தில் வந்து நின்றார். பல வாரங்கள் அலமாரியைத் திறக்கவே இல்லை. ஓர் இரவு ஸ்பிரிங்கைக் கழற்றி, துண்டு துண்டாக வெட்டிக் குப்பையில் போட்டார். அவருடைய கோபமெல்லாம் கண்ணாடியை உடைத்தவர்கள் மீதுதான், சட்டத்தின் மீது அல்ல.

இனி 0.2 கிராம் குண்டு விநாடிக்கு நூறு மீட்டரை எட்டக்கூடாது. எதிரியின் பேட்டரித் துப்பாக்கிக்கும் இதே வரம்பு. அது சரமாரியாகப் பொழியும், இவருடையது ஒவ்வொன்றாக. அப்படியானால் ஸ்னைப்பர் என்ற பெயர் எதற்கு?

உண்மையான வேலை அதன் பிறகே தொடங்கியது. 6.03 மில்லிமீட்டர் உள்விட்டமுள்ள குழல் வாங்கி, ஆடாமல் பொருத்தினார். காற்று கசியும் இடங்களை அடைத்தார். குண்டு வந்து உட்காரும் இடத்தில், மேற்புறம் துருத்தி நிற்கும் ஒரு சிறு ரப்பர் உண்டு. அது உரசுவதால் குண்டு பின்னோக்கிச் சுழன்று, கீழே இறங்காமல் மிதந்து போகும். டேபிள் டென்னிஸ் ஆடியவர்களுக்குப் புரியும். ரப்பர் இம்மியளவு கோணினாலும் குண்டு ஒரு பக்கமாக ஓடிவிடும். குளிரில் ரப்பர் இறுகும். ஒரு குளிர்காலம் முழுக்க அந்த நகக்கண் அளவு ரப்பரோடு மல்லுக்கு நின்றார். காற்றில் அலையாத, கனமான குண்டுகளுக்கு மாறினார்.

இந்த ஆட்டத்தில் பட்ட குண்டு அடையாளம் விடாது. பட்டவரே கையைத் தூக்கி 'ஹிட்' என்று ஒப்புக்கொள்ள வேண்டும். ஐம்பது மீட்டர் தாண்டி வரும் குண்டோ, சருகு விழுந்ததுபோல்தான் சட்டையில் படும்.

மூங்கில் புதருக்குள் நெடுநேரம் படுத்திருந்த ஒரு நாள், ஓர் இளைஞனைக் குறிவைத்துச் சுட்டார். தோளில் பட்டது தொலைநோக்கியில் தெரிந்தது. அவன் தோளைத் தடவிப் பார்த்தான். சுற்றுமுற்றும் பார்த்தான். எங்கும் யாருமில்லை. அவர் மூச்சை அடக்கிக்கொண்டு காத்திருந்தார். அவன் மெல்லக் கையைத் தூக்கினான்.