கலப்பு

எங்கள் தந்தையார் உபதேசியாராக இருந்தவர். திருவண்ணாமலையைச் சுற்றியுள்ள சிற்றூர்களுக்கு மிதிவண்டியிலேயே போய் ஞானோபதேசம் கற்பித்தவர். பூசைக்கு வேண்டிய அப்பமும் இரசமும் அவர் பொறுப்பில் இருந்தன. புதுப் புட்டி வந்தால் மூடியைத் திறந்து முகர்ந்து பார்ப்பார். ஒரு கணம் கண்ணை மூடியிருந்துவிட்டு, "கலப்பு இல்லை" என்பார். அதன் பிறகுதான் அது சக்கிரீஸ்து அலமாரிக்குள் போகும்.

இரசம் திராட்சைக் கனியிலிருந்து இயற்கையாகப் பெறப்பட்டதாகவும் கெட்டுப்போகாததாகவும் இருக்கவேண்டும் என்பது திருச்சபைச் சட்டம். 1983ஆம் ஆண்டுத் தொகுப்பின் 924ஆம் விதி இதைச் சொல்கிறது. அதற்கு முந்தைய 1917ஆம் ஆண்டுத் தொகுப்பும் இதையே சொன்னது. அப்பாவுக்கு விதியின் எண் தெரியாது. ஆனால் 'கலப்பு' என்ற சொல் அவர் வாயில் ஒரு பாவத்தின் பெயரைப் போல ஒலிக்கும்.

1979இல் என் தங்கை, தன்னுடன் பணியாற்றிய ஆசிரியர் ஒருவரைப் பதிவு அலுவலகத்தில் மணந்துகொண்டாள். அவர் இந்து, பெரிய கோவிலின் மாட வீதிக்குப் பின்புறம் வீடு. அப்பா அன்றும் அந்தச் சொல்லைத்தான் சொன்னார். திருமணத்துக்கு முன் அவள் எழுதி அனுப்பியிருந்த கடிதத்தைப் பிரிக்காமலே என்னிடம் கொடுத்து, "திருப்பிக் கொடுத்துவிட்டு வா" என்றார். நான் கொண்டுபோய்க் கொடுத்தேன். அப்போது எனக்கு வயது இருபத்தாறு. வேலையில் இருந்தேன். என் கையை யாரும் பிடித்து இழுக்கவில்லை.

சென்ற கோடையில் ஒரு பௌர்ணமி இரவு அந்த வீட்டு மொட்டைமாடியில் உட்கார்ந்திருந்தோம். மைத்துனர் கிரிவலம் போயிருந்தார். பதினான்கு கிலோமீட்டர் நடந்து திரும்ப விடியற்காலை ஆகும். தெருவில் சனத்திரளின் காலடியோசை ஓயவில்லை. தங்கை மகன் புதுச்சேரியில் ஓர் உணவகத்தில் வேலை செய்கிறான். பிரான்சிலிருந்து வந்த நண்பன் பரிசளித்த சிவப்புத் திராட்சை இரசப் புட்டி ஒன்றை அவன் மேசைமேல் வைத்தான்.

"மாமா, இது பாப்பரசர் ஊர் இரசம்" என்றான்.

கண்ணாடியிலேயே புடைப்பாகப் பாப்பரசரின் திருமுடியும் இராயப்பரின் திறவுகோல்களும் இருந்தன. விரலால் தடவிப் பார்த்தேன். ஊரின் பெயர் ஷாத்தோநெஃப் து பாப். பாப்பரசரின் புதுக்கோட்டை என்று பொருள். 1309 முதல் 1377 வரை பாப்பரசர்கள் உரோமையை விட்டு அவிஞ்ஞோன் நகரில் இருந்ததைத் திருச்சபை வரலாற்றில் படித்திருப்பீர்கள். அவர்களுள் ஒருவரான இருபத்திரண்டாம் அருளப்பர் அவிஞ்ஞோனுக்கு வடக்கே குன்றின்மேல் கோட்டை ஒன்றைக் கட்டினார். இன்று அதில் எஞ்சியிருப்பது ஒரு கோபுரத்தின் பகுதி மட்டுமே. 1944இல் பின்வாங்கிய செர்மானியப் படை வெடிவைத்ததில் அதிலும் பாதி போயிற்று. (பறக்கும் தட்டுகள் ஊருக்குள் இறங்கக் கூடாதென்று 1954இல் அவ்வூர் மேயர் ஆணை பிறப்பித்தாராம். மருமகன் இதைச் சொன்னபோது தங்கை சிரித்த சிரிப்பு எங்கள் சிறுவயதுச் சிரிப்பு.)

"இதில் எத்தனை வகைத் திராட்சை சேரலாம் தெரியுமா மாமா? பதின்மூன்று."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. பாப்பரசர் பெயர் தாங்கிய இரசத்தில் பதின்மூன்று கலப்பா?

அவன் விளக்கினான். முதன்மையானது கிரெனாஷ். வெயிலில் நன்றாகப் பழுத்துச் சர்க்கரை ஏறும் பழம். இரசத்துக்கு உடலையும் சூட்டையும் பழவாசனையையும் தருவது. ஆனால் அதற்குத் தோல் மெல்லியது, நிறம் குறைவு, காற்றுப்பட்டால் விரைவில் தளர்ந்துவிடும். பூக்கும் பருவத்தில் வானிலை மாறினால் பூ உதிர்ந்து விளைச்சலே குறைந்துபோகும். சிரா என்ற வகை கருநிறமும் மிளகின் காரமும் சேர்க்கும். மூர்வேத்ர் பிந்திப் பழுப்பது, தடித்த தோலுடையது. அதன் துவர்ப்புத்தான் கிரெனாஷைக் கெடாமல் பல ஆண்டுகள் தாங்கிப் பிடிக்கிறது. சான்சோ மணமும் மென்மையும் தரும். இவை போதாவென்று கிளெரெத், ரூசான் போன்ற வெள்ளைத் திராட்சைகளையும் இந்தச் சிவப்பு இரசத்தில் சேர்க்கலாம். பதின்மூன்றையும் சேர்த்தே ஆகவேண்டும் என்ற கட்டாயம் இல்லை, சேர்ப்பவர் சிலரே.

எங்கள் மாவட்டத்து உழவருக்கு இது புதிதன்று. நிலக்கடலைக்குள் துவரையும் உளுந்தும் ஊடுபயிராக விதைக்கிறவர் அதைக் கலப்படம் என்று சொல்வதில்லை. மழை ஒன்றைக் கைவிட்டால் மற்றொன்று வீட்டைக் காக்கும்.

அவ்வூர்க்காரர்கள் தூய்மையில் அசட்டையானவர்களும் அல்லர். 1923இல் லெ ருவா என்னும் சட்டம் படித்த பிரபுவின் தலைமையில், போலிச் சரக்கை ஒழிக்கத் தமக்குத் தாமே விதிகள் வகுத்துக்கொண்டார்கள். எந்த நிலத்தில் பயிரிடலாம், எந்தெந்த வகை சேரலாம் என்பதெல்லாம் அதில் அடங்கும். 1936இல் அரசு அவ்வூர்ப் பெயருக்குச் சட்டப் பாதுகாப்பு அளித்தது. பழத்தை இன்றும் கையால்தான் பறிக்கவேண்டும். அந்நியச் சரக்கைத் தம் பெயரில் நுழைய விடாத அந்தக் கண்டிப்புக்காரர்கள்தாம், சேரத்தக்கவை என்று இத்தனை வகைகளையும் வரிசையாக எழுதிவைத்தவர்கள். கலப்படம் வேறு, கலப்பு வேறு என்பதை அவர்கள் அறிந்திருந்தார்கள். எங்கள் வீட்டில் இரண்டுக்கும் ஒரே சொல் போதுமாயிருந்தது.

அப்பா மெச்சிப் பேசும் பழம் ஒன்று உண்டு: கம்பம் பள்ளத்தாக்கின் பன்னீர்த் திராட்சை. 1832இல் பிரெஞ்சுக் குருவானவர் ஒருவர் தமிழகத்துக்குக் கொணர்ந்தது என்று சொல்லப்படுவது. 2023இல் புவிசார் குறியீடும் பெற்றது. அதன் மேனாட்டுப் பெயர் மஸ்கட் ஹாம்பர்க். இரண்டு வேறு திராட்சை இனங்கள் கலந்து பிறந்த பிள்ளை அது. அப்பாவுக்கு இது தெரியாது. எனக்கும் அன்றிரவு மருமகன் சொல்லித்தான் தெரியும். ஆனால் ஒவ்வொரு பூசையிலும் குருவானவர் கிண்ணத்து இரசத்தில் சில துளி தண்ணீர் சேர்ப்பதை அப்பா அறிவார். அந்தத் தண்ணீர்ச் சாடியை நிரப்பி வைத்தவரே அவர்தாம்.

மருமகன் சிறிது ஊற்றிக் கொடுத்தான். குடியைப் புகழ நான் இதை எழுதவில்லை. குடி அழித்த வீடுகள் எங்கள் தெருவிலேயே உண்டு. பூசை இரசத்தின் தித்திப்பு இதில் இல்லை. முகர்ந்தால் கனிந்த நாகப்பழம்போல் இனிய வாசனை. நாவில் இனிப்பே கிடையாது. பிறகு மிளகு. கடைசியில் நெல்லிக்காய் தின்றதுபோல் வாயை இழுத்துப் பிடிக்கும் துவர்ப்பு. எது எந்தப் பழத்தினது என்று என்னால் பிரித்தறிய முடியவில்லை. "பிரிக்க முடிந்தால் சரியாகச் சேரவில்லை என்று அர்த்தம் மாமா" என்றான் அவன்.

அவ்வூர்த் தோட்டங்களில் மண்ணே தெரியாதபடி உருண்டைக் கூழாங்கற்கள் பரவிக் கிடக்குமாம். ரோன் ஆறு பழங்காலத்தில் கொண்டுவந்து சேர்த்தவை. பகல் வெயிலை வாங்கி வைத்து, இரவில் கொடிக்குக் கொடுக்கும் கற்கள். அவன் இதைச் சொல்லிக்கொண்டிருக்கையில் நான் மாடித்தரையில் உள்ளங்கையை வைத்தேன். இரவு பத்து மணிக்கும் தரை சுட்டது. எதிரே மலை கறுப்பாக நின்றது.

தங்கை தனக்கும் ஒரு வாய் ஊற்றிக்கொண்டாள். அப்பா 1994இல் இறந்தார். அடக்கத்தன்று கல்லறைத் தோட்டத்தின் வாயிலோடு நின்றுவிட்டவள் அவள்.

"அப்பா இருந்திருந்தால் இதைக் குடித்திருப்பாரா அண்ணா?" என்று கேட்டாள்.

"முதலில் முகர்ந்து பார்த்திருப்பார்" என்றேன்.

அவள் சிரிக்கவில்லை. எழுந்து உள்ளே போனவள் சிறிது நேரம் கழித்து ஒரு தகரப் பெட்டியோடு வந்தாள். அதில் நாற்பத்தைந்து ஆண்டுகளுக்கு மேலாகப் பிரிக்கப்படாத உறை ஒன்று இருந்தது. அதை என் கையில் கொடுத்தாள். மூக்குக்கண்ணாடியைக் கீழே விட்டுவிட்டு வந்திருந்தேன். "நீயே படி" என்றேன்.