பதினோரு இடங்களும் ஒரு பால்மரமும்



ஆண்டு மலரில் தலைமையாசிரியர் எழுதும் பக்கம் எப்படி இருக்கும் என்பது நீங்கள் அறிந்ததே. தேர்வு முடிவுகள், மாணவர் வருகை, நன்கொடையாளர்க்கு நன்றி என்று சென்று, கல்வியின் சிறப்பைக் கூறி முடியும். அவையெல்லாம் இம்மலரின் அறிக்கைப் பகுதியில் முறையாக உள்ளன. இம்முறை என் குடும்பத்தார் மேற்கொண்ட ஒரு சுற்றுப்பயணத்தைப் பற்றி எழுத விழைகின்றேன். உண்மையைச் சொன்னால், பயணத்தைவிட அதற்கு நான் திட்டம் தீட்டிய கதையே பெரிது.

சென்ற ஆண்டிறுதி விடுமுறையில் ஜொகூரிலிருந்து மகளும் மருமகனும் ஆறு வயதுப் பேத்தியும் ஈப்போவுக்கு வந்திருந்தனர். பல்கலைக்கழகத்தில் பயிலும் மகனும் வீட்டில் இருந்தான். எண்பத்திரண்டு வயதான என் தாயார் எங்களுடன்தான் இருக்கின்றார். ஆக ஏழு பேர். "வெளிநாடு எதற்கு? நம் பேராக்கையே ஒரு சுற்றுச் சுற்றி வருவோம்" என்றேன் நான். எல்லாரும் மகிழ்ந்தனர். அந்த மகிழ்ச்சி, எங்கெங்குச் செல்வது என்ற பேச்சுத் தொடங்கும் வரை நீடித்தது.

பேத்திக்குத் தைப்பிங் விலங்ககம் வேண்டும். மகனுக்குப் பத்து காஜா அருகிலுள்ள கெல்லி மாளிகை வேண்டும். என் துணைவியாருக்குப் பங்கோர் தீவின் பத்திரகாளியம்மன் ஆலயத்தில் நெடுநாளைய வேண்டுதல் ஒன்று இருந்தது. பொறியியல் படித்த மருமகனோ தஞ்சோங் துவாலாங் ஈயக் கப்பலையும் தெலுக் இந்தான் சாய்ந்த கோபுரத்தையும் கேட்டார். நான் மட்டும் குறைந்தவனா? பேராக் அரும்பொருளகம், கோல கங்சாரின் முதல் ரப்பர் மரம், பாப்பான் சிற்றூர், கம்பார் போர்க்களம், கோல செப்பெத்தாங் என ஐந்து இடங்களை எழுதி வைத்தேன். எண்ணிப் பார்த்தால் பத்து.

இறுதியாக அம்மாவைக் கேட்டேன்.

"நான் என்னய்யா கேக்கப் போறேன்? போற வழியில நம்ம தோட்டத்த ஒரு எட்டுப் பாத்துட்டு வந்தா போதும்" என்றார்.

பதினோராவது இடம் இவ்வாறு சேர்ந்தது. பட்டியலில் அதனைக் கடைசியாகவே எழுதினேன்.

பயிற்சிக் கல்லூரியில் கற்ற பழக்கம் எளிதில் போகாது. நாள் பாடக்குறிப்பு எழுதுவது போலவே கோடு போட்டு, நேரம், இடம், நோக்கம், குறிப்பு என நான்கு கட்டங்கள் வரைந்தேன். இரண்டே நாளில் பதினோரு இடங்களையும் அடக்கிவிட்டேன். அரும்பொருளகத்துக்கு இருபது நிமிடம்; சாய்ந்த கோபுரத்துக்குப் பதினைந்து நிமிடம். துணைவியார் தாளை வாங்கி மேலும் கீழும் பார்த்தார்.

"என்னங்க, இதுல சாப்பிடறது எப்போ?" என்றார். சற்றுக் கழித்து, "அத்தைக்கு ரெண்டு மணி நேரத்துக்கு மேல உட்கார முடியாதே, அதுக்கு எந்தக் கட்டம்?" என்றும் கேட்டார்.

ஒரு பாடத்தில் நான்கு நோக்கங்களைத் திணிக்கும் பயிற்சி ஆசிரியர்களை நானே கண்டித்திருக்கின்றேன். தாளைக் கிழித்துப் போட்டேன்.

மறுநாள் நிலப்படத்தை விரித்து வைத்துக்கொண்டு அமர்ந்தேன். பேராக் ஏறத்தாழ 21,000 சதுர கிலோமீட்டர் பரப்புள்ள மாநிலம். ஈப்போவிலிருந்து ஒவ்வோர் இடத்திற்கும் போய்த் திரும்புவதாகவே நான் கணக்கிட்டிருந்தேன். பாதி நேரம் வந்த வழியிலேயே கழியும் திட்டம் அது. மாறாக வடக்கே சென்று, கடலோரமாக இறங்கி, தெற்கிலிருந்து ஈப்போவுக்கு ஏறினால் ஒரு வளையம் கிடைக்கின்றது. முதல் நாள் சுங்கை சிப்புட், கோல கங்சார், தைப்பிங். இரண்டாம் நாள் கோல செப்பெத்தாங் வழியாக லூமுட் சென்று பங்கோர். மூன்றாம் நாள் பேராக் ஆற்றைக் கடந்து தெலுக் இந்தான், அங்கிருந்து தஞ்சோங் துவாலாங், பத்து காஜா, பாப்பான். ஒரே சாலையில் இருமுறை செல்ல வேண்டியதில்லை. வளையத்துக்குள் அடங்காத கம்பாரை நானே நீக்கினேன். 1941 டிசம்பர் இறுதியில் பிரிட்டிஷ் இந்தியப் படையினர் ஜப்பானியரைச் சில நாள் தடுத்து நிறுத்திய இடம் அது, விட மனமில்லை. ஆனால் பிறரிடம் விட்டுக்கொடுக்கச் சொல்பவன் முதலில் தன்னதை விட வேண்டும் அன்றோ?

எல்லாம் பொருந்தின. அம்மாவின் தோட்டம் மட்டும் எந்தப் படத்திலும் இல்லை.

நானும் அத்தோட்டத்தில் பிறந்தவன்தான். சுங்கை சிப்புட்டிலிருந்து லிந்தாங் செல்லும் சாலையில் உள்ளே போக வேண்டும் என்பது நினைவிருந்தது. அதற்குமேல் தெளிவில்லை. பயிற்சிக் கல்லூரிக்காகப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வெளியேறியவன், 1989இல் தந்தையார் மறைந்தபோது சென்றேன், பின்னர் அம்மாவை அழைத்துவரச் சென்றேன், அவ்வளவே. தோட்டம் கைமாறியது. பால்மரங்கள் சாய்க்கப்பட்டுச் செம்பனை நடப்பட்டது. லயங்கள் இடிக்கப்பட்டன. வட்டாரத்தை அறிதல் என்று ஆண்டுதோறும் வகுப்பில் பாடம் நடத்துபவன் நான். ஈப்போவிலிருந்து ஒரு மணி நேரத் தொலைவில் இருக்கும் தந்தையின் புதைமேட்டுக்குத் தாயை ஒருமுறைகூட அழைத்துச் செல்லவில்லை. அவரும் கேட்டதில்லை. "ஒரு எட்டு" என்று அவர் சொன்னதன் பொருள் எனக்கு அன்றிரவுதான் விளங்கிற்று.

வழி கேட்டபோது அம்மா தயங்கவே இல்லை. இத்தனையாம் கட்டையில் இறங்கி, சீனன் மளிகைக் கடையைத் தாண்டி, இரும்புப் பாலம் வந்தால் இடப்பக்கம். மேட்டில் காளி கோவில், அதன் பின்னால் பிரட்டுக்களம், ஆயாக்கொட்டகை, இறக்கத்தில் ஆறு, ஆற்றுக்கு அப்பால் இடுகாடு. சொல்லச் சொல்ல நான் வரைந்தேன். அதில் கட்டைக் கற்கள் இன்று இல்லை; மளிகைக் கடையும் இல்லை. அவ்வூரில் ஓய்வுபெற்று வாழும் முன்னாள் கிராணி ஒருவரையும் பழைய தண்டல் ஒருவரையும் தேடிப் பிடித்து இரண்டு வாரம் தொலைபேசியில் பேசினேன். இரும்புப் பாலம் கற்காரைப் பாலமாயிற்று என்றும், கோவில் ஊருக்கு இடம்பெயர்ந்தது என்றும், ஆறு மட்டும் இருந்த இடத்தில் இருக்கிறது என்றும் அவர்கள் கூறினர். இன்றைய உரிமையாளர்களுக்கு அனுமதி கேட்டு எழுதினேன், பதில் வரவில்லை. பட்டியலின் அடியிலிருந்த பெயரை முதல் நாள் காலை எட்டு மணிக்கு மாற்றினேன்.

வாடகை வேன் அதிகாலையில் புறப்பட்டது. சுங்கை சிப்புட் பட்டணத்தில் பசியாறினோம். துன் சம்பந்தன் பிறந்த ஊர் இது. ஐம்பதுகளில் வெள்ளையர் தோட்டங்களை விற்றுவிட்டுப் புறப்பட, வாங்கியவர்கள் அவற்றைத் துண்டு துண்டாக்கியபோது, தொழிலாளர் வீடும் வேலையும் இழந்தனர். தோட்டங்களைத் தொழிலாளரே வாங்கட்டும் என்று 1960இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தோற்றுவித்தவர் அவர். மாதம் பத்து வெள்ளி கட்டிப் பங்கு சேர்ந்தவர்களுள் என் பாட்டனாரும் ஒருவர். எங்கள் தோட்டத்துக்கு அந்தப் பேறு வாய்க்கவில்லை.

வாயிலில் சங்கிலி போட்டிருந்தார்கள். காவலர் முதலில் மறுத்தார். வேனின் கதவு திறந்து, ஊன்றுகோலுடன் இறங்கிய அம்மாவைக் கண்டதும், வண்டி வேண்டாம், நடந்து போய் அரை மணியில் திரும்பிவிடுங்கள் என்று மலாய் மொழியில் சொல்லிச் சங்கிலியைத் தாழ்த்தினார்.

எங்கு நோக்கினும் ஒரே மாதிரிச் செம்பனை. எனக்கு ஒன்றும் புலப்படவில்லை. அம்மா காதைத் தீட்டிக்கொண்டு நின்றார்; பின் ஆற்றின் ஓசை வந்த பக்கம் நடந்தார். ஆற்றங்கரையில் ஒரு வளைவு. அதில் துணி துவைத்த பாறை. "இதுக்கு நேரா அந்தாண்ட" என்று கோலால் காட்டினார். அங்கும் செம்பனைதான். மேடும் இல்லை, கல்லும் இல்லை. மகன் அவரைத் தூக்காத குறையாக ஆற்றைக் கடத்தினான். ஒரு மரத்தடியில் சூடம் ஏற்றினார், வெற்றிலை வைத்தார். "பேரன் பேத்தியெல்லாம் வந்திருக்கு, பாருங்க" என்று மட்டும் சொன்னார். அழவில்லை. நான்தான் அப்பால் திரும்பி நிற்க வேண்டியதாயிற்று.

அங்கிருந்து கோல கங்சார் அதிக தூரமன்று. பிரேசில் நாட்டிலிருந்து 1876இல் ஹென்றி விக்கம் கொண்டுசென்ற விதைகள் இலண்டன் கியூ தோட்டத்தில் முளைத்தன. மறு ஆண்டு 22 கன்றுகள் சிங்கப்பூர் வந்தன. அவற்றுள் சில கோல கங்சாரில் நடப்பட்டன. அத்தலைமுறையைச் சேர்ந்ததாகக் கூறப்படும் முதுமரம் ஒன்று மாவட்ட அலுவலகத்தருகே இன்றும் நிற்கின்றது. இவற்றையெல்லாம் பேத்திக்கு விளக்கிக்கொண்டிருந்தேன். அம்மா என் பாடத்தைக் கேட்கவில்லை. பதினைந்து வயது முதல் நாற்பது ஆண்டுகள் உளி பிடித்தவர் அவர். மரத்தின் பட்டையையே உற்று நோக்கினார்.

"அப்போ எங்க தாத்தாவக் கப்பல்ல ஏத்துனது இந்த மரந்தானா?" என்றார்.

நாகப்பட்டினத்தில் ஏறிப் பினாங்கில் இறங்கியவர் அவர் பாட்டனார். அக்கேள்விக்கு நான் ஆம் என்றேன். அதைவிடச் சுருக்கமாக அந்த வரலாற்றை நான் வகுப்பில் சொன்னதில்லை. பேத்தி, "பெரிய பாட்டி, பால் எப்படி எடுப்பாங்க?" என்று கேட்க, அவர் ஊன்றுகோலையே உளியாக்கிக் காற்றில் சாய்வாகக் கோடு இழுத்து, மங்கு வைக்கும் இடத்தையும் காட்டினார். ஆழம் கூடினால் மரத்துக்குக் காயம், குறைந்தால் பால் வராது என்றார். அட்டவணையில் இருபது நிமிடம் என்றிருந்த இடத்தில் ஒன்றரை மணி நேரம் இருந்தோம். விளைவு, தைப்பிங் அரும்பொருளகத்துக்குள் நுழைய நேரமில்லை. 1883இல் தொடங்கிய அதனை வெளியே நின்று பார்த்ததோடு சரி. விலங்ககத்தைக் குறைக்கப் பேத்தி சம்மதிக்கவில்லை.

மற்ற இரு நாளையும் விரைந்து சொல்லிவிடுகின்றேன். கோல செப்பெத்தாங்கின் பழைய பெயர் போர்ட் வெல்ட். தைப்பிங்கிலிருந்து அங்கு 1885இல் ஓடியதே மலாயாவின் முதல் இரயில். நிலையம் மறைந்து, பெயர்ப்பலகை நிற்கின்றது. அதில் நான்கு எழுத்துகளுள் ஒன்றாகத் தமிழும் இருப்பதைப் பேத்தி தானே எழுத்துக்கூட்டிப் படித்துக் கைதட்டினாள். பங்கோரில் வேண்டுதல் நிறைவேறியது. வேண்டுதல் என்னவென்று எனக்கு இன்றுவரை சொல்லப்படவில்லை. 1885இல் எழுந்த தெலுக் இந்தான் கோபுரம் வெளியே எட்டு அடுக்குபோல் தோன்றினும் உள்ளே மூன்றே மாடி என்று மருமகன் வியந்தார். ஈயக் கப்பலின் பெருமையை அவர் அரை மணி நேரம் விளக்கினார், அதையும் பொறுத்துக்கொண்டோம்.

கெல்லி மாளிகையைப் பற்றி மட்டும் ஒரு சொல். ஸ்காட்லாந்துக்காரரான வில்லியம் கெல்லி ஸ்மித் 1915இல் தொடங்கிய மாளிகை அது; 1926இல் லிஸ்பனில் அவர் இறந்ததால் முற்றுப்பெறவில்லை. கட்ட வந்த நம் தமிழர்கள் கொள்ளைக் காய்ச்சலில் மடிந்தபோது, மிஞ்சியவர்கள் மாரியம்மனுக்குக் கோவில் கேட்டனர். அருகிலேயே கட்டிக் கொடுத்தார். கோவிலின் மேலே தெய்வ உருவங்களோடு தொப்பியணிந்த துரையும் நிற்கின்றார். பயணிகள் மாளிகையோடு திரும்பிவிடுகின்றனர், கோவிலுக்கும் செல்லுங்கள். முடிக்கப்பட்டது அதுதான்.

மாலையில் பாப்பான். 74ஆம் எண் வீட்டில் மருந்தகம் வைத்து, ஜப்பானியர் காலத்தில் காட்டிலிருந்த போராளிகளுக்கு மறைவாக மருத்துவம் செய்து, 1943இல் பிடிபட்டுக் கொடுஞ்சித்திரவதைக்குள்ளாகியும் ஒருவரையும் காட்டிக்கொடுக்காத சிபில் கார்த்திகேசு வாழ்ந்த தெரு அது. 1948இல் மறைந்த அவரது கல்லறை ஈப்போவில் உள்ளது. அவர் பெயரை எங்கள் வேனில் அதுவரை அறிந்திருந்தவர் நானும் அம்மாவும் மட்டுமே. அம்மா சிறுமியாயிருந்தபோது தோட்டத்துப் பெண்கள் அவர் கதையைச் சொல்லிக்கொள்வார்களாம்.

இனி உங்களிடம் ஒரு வேண்டுகோள். இவ்வாண்டு ஆறாம் ஆண்டு மாணவர்களின் கல்விச் சுற்றுலாவை நீர் விளையாட்டுப் பூங்காவுக்குப் பதிலாகக் கோல கங்சார், தைப்பிங், கோல செப்பெத்தாங் வழியில் ஒரு நாளாக நடத்த ஆசிரியர் குழு எண்ணியுள்ளது. மாணவர்கள் முகம் சுளிப்பது எனக்குத் தெரியும், விலங்ககமும் உண்டு. அதற்கு முன்னர், ஒவ்வொருவரும் உங்கள் பாட்டி தாத்தாவிடம் அவர்கள் பிறந்த தோட்டத்துக்கு வழி கேட்டு, எத்தனையாம் கட்டை, கோவில் எங்கே, ஆறு எந்தப் பக்கம் என்று படம் வரைந்து வகுப்பாசிரியரிடம் கொடுக்க வேண்டும். அப்படங்களைக் கொண்டே எந்தெந்தத் தோட்டத்தருகே பேருந்தை நிறுத்தலாம் என முடிவு செய்வோம். படத்தைப் பென்சிலால் வரைக. பாட்டிமார் இடையிடையே திருத்தம் சொல்வார்கள்.

பால் வெட்டும் முறையைக் காட்ட என் தாயாரும் உடன் வர இசைந்துள்ளார். இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை பேருந்து நிற்க வேண்டும் என்பது அவர் விதித்த ஒரே நிபந்தனை. அதனை இம்முறை முதற்கட்டத்திலேயே எழுதிவிட்டேன்.