கையறிந்து இடம் தருபவர்

சுவாமிமலைப் பட்டறைகளில் ஐம்பொன் சிலை ஒருவர் கையால் முடிவதில்லை. மெழுகில் உருப் பிடிப்பவர் ஒருவர், அதன்மேல் மண் பூசுபவர் இன்னொருவர், உலையில் நிற்பவர் வேறொருவர். வார்த்து எடுத்த பிறகு அரத்தால் ராவவும், உளி பிடித்து நகாசு பார்க்கவும் தனித்தனி ஆட்கள். புதிதாக வரும் பையன் இந்த வரிசையில் எங்கே உட்கார வேண்டும் என்பதை யார், எப்படி முடிவு செய்கிறார்கள்? அதைப் பார்க்கத்தான் போனேன்.

நான் போன பட்டறையில் அது ஒரு மூத்த ஸ்தபதியின் பொறுப்பு. பெயர் போட வேண்டாம் என்றார். எல்லோருக்கும் அவர் 'ஐயா'. மெழுகு வேலையில் பேரெடுத்தவர். இப்போது பிள்ளைகளைக் கவனிப்பதே அவருக்கு முழுநேர வேலை.

புதுப் பையன் கையில் அவர் முதலில் தருவது ஒரு தென்னை ஓலை. சிலையின் உயரத்துக்கு அதை நறுக்கி, மடித்து மடித்து அளவு குறிக்க வேண்டும். உத்தம தசதாளம் என்ற அளவுமுறையில் மொத்த உயரம் 124 பங்கு. ஒரு மடிப்பு பிசகினால் முகம், மார்பு, முழங்கால் எல்லாமே பிசகும். ஆனால் அன்றைக்கு ஐயா கணக்கைப் பார்ப்பதில்லை.

"கணக்கை நாளைக்குச் சொல்லிக் குடுத்துக்கலாம் தம்பி. ஓலையை எப்படித் தொடறான், தப்பிப் போனா என்ன பண்றான், அதைத்தான் பாக்கறேன்."

அப்படிப் பார்த்துத் தேர்ந்த ஒரு பையன் அன்று மண் பூசிக்கொண்டிருந்தான். மெழுகு வேலை கற்க ஆசைப்பட்டு வந்தவன். தேன்மெழுகும் குங்கிலியமும் கடலை எண்ணெயும் கலந்த அந்தக் கலவை அவன் கையில் படியவே இல்லை. பல மாதம் ஆகியும் முகம் முகமாக வரவில்லை. ஆனால் ஓலை மடித்த முதல் நாளே, ஒவ்வொரு மடிப்பிலும் இருந்த தூசியை அவன் ஊதிவிட்டு நகத்தால் நீவியதை ஐயா மனசில் குறித்துவைத்திருந்தார். ஒரு நாள் கூப்பிட்டு வண்டல் மண்ணைக் காட்டினார்.

காவிரிப் படுகையின் வண்டலை மைபோல் அரைத்துக் குழைத்து, மெழுகு உருவின்மேல் முதல் பூச்சாகப் பூசுகிறார்கள். அந்தப் பையன் விரல் நுனியால் மண்ணைத் தொட்டு அம்மனின் உதட்டோரத்தில் வைத்தான். அழுத்தவில்லை. ஓரத்திலிருந்து மெல்லத் தள்ளிக்கொண்டே போனான், உள்ளே காற்று நிற்காதபடி. அங்கே ஒரு குமிழி தங்கினால் வார்க்கும்போது உலோகம் அதில் புகுந்து உதட்டில் மருவாக நிற்கும். இரண்டாவது, மூன்றாவது பூச்செல்லாம் கனமான மண், பலம் போதும். முதல் பூச்சுக்கு அவனைப் போன்ற கை வேண்டும். பூசியதை நிழலில்தான் உலர்த்துகிறார்கள். வெயில் பட்டால் உள்ளே மெழுகு இளகிவிடும். வார்த்த பின் மண்ணை உடைத்துத்தான் சிலையை எடுக்க வேண்டும். ஒரு அச்சில் ஒரே சிலைதான். இந்தப் பூச்சுக்குச் சிற்பியின் பெருமையில் சமபங்கு உண்டு என்பேன்.

கையறிந்து இடம் தரும் இந்த வழிக்கு ஐயா வந்ததும் ஒரு பையனால்தான். உதவாதவன் என்று முதலாளி அனுப்பவிருந்த ஒருவனை, ஒரு மாதம் உலைப்பக்கம் விட்டுப் பாருங்கள் என்று கேட்டு வாங்கினாராம். செம்பு உருகும் பக்குவத்தை நெருப்பின் நிறத்தை வைத்தே சொல்லும் ஆளாக அவன் தேறினான். "அன்னிக்குத்தான் எனக்கு என் வேலை தெரிஞ்சுது" என்றார்.

எல்லோரையும் அவர் பிடித்து வைத்துக்கொள்வதும் இல்லை. வரைவதில் கெட்டியான ஒருவனை, 1957-ல் தொடங்கிய மாமல்லபுரம் அரசு சிற்பக்கலைக் கல்லூரிக்கு விண்ணப்பம் போட வைத்தார். மனசு ஒட்டாத இன்னொருவனைக் கும்பகோணத்தில் மோட்டார் காயில் கட்டும் கடைக்குத் தானே கூட்டிப்போய்ச் சேர்த்தார். உனக்கு இது வராது என்று சொல்லிவிட்டு, எது வரும் என்றும் தேடிக் கொடுப்பவர்களை நம் பள்ளிக்கூடங்களில் நான் அதிகம் பார்த்ததில்லை. ஆசிரியத் தொழிலில் இதைவிடப் பெரிய வேலை எனக்குத் தெரியவில்லை.

மத்தியானம், மண் பூசிக்கொண்டிருந்த பையனின் அப்பா வந்தார். டெல்லி பாரத மண்டபத்தின் முன் 2023-ல் நிறுத்திய 27 அடி நடராஜர் இந்த ஊர் ஸ்தபதிகள் வார்த்தது. அதன் படத்தைப் போனில் வைத்திருந்தார்.

"இந்த மாதிரி செய்யணும்னு அனுப்பினேன். மண்ணு குழைக்கிறானாமே ஐயா?"

"அந்த நடராஜருக்கும் யாரோ ஒருத்தர் மண்ணு பூசினாருல்ல? உங்க பையனுக்கு அந்தக் கை இருக்கு. மெழுகுல நடுத்தரமா நிப்பான், இதுல மொத ஆளா நிப்பான்."

அப்பாவுக்கு மனசு ஆறவில்லை. கூலி எவ்வளவு, சிலைக்குக் கண் திறக்கும் வேலையை எப்போது கற்றுத்தருவீர்கள் என்று கேட்டுக்கொண்டே இருந்தார். ஐயா ஒவ்வொன்றுக்கும் மழுப்பாமல் பதில் சொன்னார். மண் வேலைக்குக் கூலி குறைவு என்பதையும், அதை உயர்த்தத் தான் முதலாளியிடம் பேசிக்கொண்டிருப்பதையும் மறைக்கவில்லை. பிறகு, "வெள்ளிக்கிழமை வார்ப்பு. அச்சு உடைக்கிறப்போ நீங்களும் வந்து நில்லுங்க, பாத்துட்டுப் பேசுவோம்" என்றார். லீவு கிடைக்குமா என்று அப்பா அங்கேயே யாருக்கோ போன் போட்டார்.