மே மாதத்துத் தண்ணீர்

2015 டிசம்பர் மழைக்குப் பிறகு என்னிடம் வந்தவற்றில் பெரும்பாலானவை இன்சூரன்ஸ் சண்டைகள். பள்ளிக்கரணைப் பக்கத்து அடுக்குமாடிக் குடியிருப்போர் சங்கம் கொண்டுவந்த வழக்கு வேறு ரகம். கட்டடத்துக்கு ஒன்றும் ஆகவில்லை. பூமிக்கடியில் இருந்த கார் பார்க்கிங்கின் தளம் மட்டும், தூணுக்குத் தூண் நடுவில், பூரி மாதிரி உப்பி வெடித்திருந்தது. விரிசல் வழியாகத் தண்ணீர் பீறிட்டது.

பில்டரின் எதிர்வழக்குரை ஒரு வரியில் அடங்கும்: வரலாறு காணாத மழை, தெய்வச் செயல், நாங்கள் பொறுப்பல்ல. கூடவே மண் பரிசோதனை அறிக்கையையும் தாக்கல் செய்தார்கள்.

அப்படிப்பட்ட அறிக்கையில் எல்லோர் கண்ணும் போவது 'என்' மதிப்புக்கு. 63.5 கிலோ சுத்தியலை 75 செ.மீ. உயரத்திலிருந்து விழவிட்டு, குழாய் 30 செ.மீ. இறங்க எத்தனை அடி பிடித்தது என்ற கணக்கு அது. மேலே மெத்தென்ற களிமண், கீழே போகப்போக இறுக்கம் என்று அது காட்டியது. அதற்கேற்பப் பைல் அஸ்திவாரம் போட்டிருந்தார்கள், கட்டடமும் நின்றது. அதில் நான் கை வைக்கவில்லை. நான் பிடித்தது துளைப் பதிவேட்டின் தலைப்பில் இருந்த இரண்டு குறிப்புகளை: துளையிட்டது மே மாதம், நிலத்தடி நீர் 5 மீட்டர் ஆழத்தில்.

வடிவமைப்புப் பொறியாளர் கூண்டேறினார். கண்ணியமான மனிதர், கேட்டதற்கு நேராகப் பதில் சொன்னார்.

"நீர்மட்டத்தை எப்போது அளந்தார்கள் சார்?"

"துளை போட்டு முடித்ததும்."

"களிமண்ணில் தண்ணீர் ஊறித் துளைக்குள் வர நேரமாகுமே?"

"ஆகும். ஒரு நாள் விட்டு அளப்பதுதான் முறை."

"விட்டார்களா?"

"பதிவில் இல்லை."

"மழைக்காலத்தில் மட்டம் உயரும் என்று கடைசிப் பக்கத்தில் எழுதியிருக்கிறதே?"

"அது எல்லா அறிக்கையிலும் வருகிற வாசகம்."

நீதிபதி பேனாவை வைத்துவிட்டு அவரை நிமிர்ந்து பார்த்தார்.

தளம் 30 செ.மீ. கான்கிரீட். சதுர மீட்டருக்கு ஏறத்தாழ 750 கிலோ எடை. அடியில் 2 மீட்டர் நீர் நின்றால் அதே சதுர மீட்டரை 2,000 கிலோ மேலே தள்ளும். தூணருகே கட்டடத்தின் பாரம் அழுத்திப் பிடித்திருந்தது. நடுவில் பிடிக்க ஏதுமில்லை. கணக்கைப் பொறியாளரையே போடச் சொன்னேன், போட்டார். கட்டும்போது ஏன் உப்பவில்லை என்ற கேள்விக்கு வாட்ச்மேனின் சாட்சியம் போதுமானதாக இருந்தது: மோட்டார் வைத்து இரவு பகலாக இறைத்தார்கள், சாவி கொடுத்ததும் நிறுத்திவிட்டார்கள். குடியேறிய பின் வந்த முதல் மழைக்காலம் அது.

ஆனாலும் தெய்வச் செயல் மிச்சமிருந்தது. அதை உடைத்தவர் பக்கத்து நிலத்துக்காரர், எழுபதைத் தாண்டிய விவசாயி. அவர் கிணற்றைப் பற்றிக் கேட்டேன். "சித்திரை வைகாசியில கயிறு நீளமா வேணும்ங்க. கார்த்திகையில குனிஞ்சு சொம்பால மொண்டுக்கலாம்." அந்த ஒரு வருஷம் மட்டுமா? "எங்கப்பா காலத்துலேர்ந்து அப்படித்தான்."

எதிர்த்தரப்பு வக்கீல் எழுந்து, "உங்களுக்கு மண்ணியல் தெரியுமா?" என்று கேட்டார். அந்தக் கேள்வியை அவர் கேட்காமல் இருந்திருக்கலாம். "மண்ணியல் தெரியாதுங்க, என் கிணறு தெரியும்" என்றார் பெரியவர். நீதிமன்றமே சிரித்தது.

கிணற்றை மட்டும் நம்பி நான் இருக்கவில்லை. உரிமையியல் நடைமுறைச் சட்டம் 26ஆம் கட்டளை 9ஆம் விதிப்படி வழக்கறிஞர் ஆணையரை நியமிக்கக் கேட்டு மனு போட்டேன். மனுவில் கார்த்திகை மாதம்தான் துளையிட வேண்டும் என்று வலியுறுத்தினேன். பொறியாளர் துணையோடு போன ஆணையர், துளையிட்டு ஒரு நாள் விட்டு அளந்தார். தரையிலிருந்து ஒரு மீட்டருக்குள் தண்ணீர் இருந்தது. அது வெள்ளம் இல்லாத, சாதாரண வருஷம்.

பழுதுபார்க்கும் செலவும் வட்டியும் கிடைத்தன. மன உளைச்சலுக்குக் கேட்டது கிடைக்கவில்லை. கிடைக்கும் என்று நானும் எதிர்பார்க்கவில்லை. பழைய தளத்தின் மேல் கனமாகக் கான்கிரீட் போட்டுத் தூண்களோடு பிணைத்தார்கள். அதனால் பார்க்கிங்கின் உயரம் குறைந்தது. உயரமான வண்டி வைத்திருந்த ஒருவர் மறு மாதமே என் அலுவலகத்துக்கு வந்து, இதற்கும் கேஸ் போட முடியுமா சார் என்று கேட்டார்.