மூன்று வாரத்தில் முற்றும்

கோடை விடுமுறைக்கு என் பேத்தி வந்திருந்தாள். பதினோரு வயது. ஒரு நாள் சாயங்காலம் கையில் டாப்லெட்டை வைத்துக்கொண்டு விசித்து விசித்து அழுதுகொண்டிருந்தாள். யாராவது திட்டிவிட்டார்களோ என்று பதறிப்போய் விசாரித்தேன்.

"லூஸ் வீட்டுக்குப் போயிட்டா, தாத்தா!" என்றாள்.

வீட்டுக்குப் போனதற்கா ஒருத்தி அழுவாள்? பெயரைக் கேட்டதும் வேறு சந்தேகம் அதிகமாயிற்று. ஸ்பானிஷ் பாஷையில் அந்தப் பெயருக்கு 'ஒளி' என்று அர்த்தம் என்பது எனக்குப் பிறகுதான் தெரியவந்தது.

விஷயம் ஒரு கார்ட்டூன் தொடர். 'தி ஔல் ஹவுஸ்' என்று பெயர், ஆந்தை வீடு. டானா டெர்ரேஸ் என்ற அமெரிக்கப் பெண்மணி உருவாக்கியது. 2020 ஜனவரியில் டிஸ்னி சேனலில் ஆரம்பித்தது. என் பேத்தியை அழவைத்தது இரண்டாம் பருவத்தின் கடைசிப் பகுதி. 2022 மே 28-ஆம் தேதி ஒளிபரப்பானது. அவள் அழுகைக்குக் காரணம் தெரிந்துகொள்வதற்காக, முதல் இரண்டு பருவங்களின் நாற்பது பகுதிகளையும் அவளோடு உட்கார்ந்து பார்த்தேன். எழுத வேண்டிய ஒரு நாவல் அந்த வாரம் மேஜையிலேயே தூங்கியது. அதைப் பற்றி எனக்கு வருத்தம் ஒன்றும் இல்லை.

லூஸுக்குப் பதினான்கு வயது. புத்தகத்தைப் பற்றிப் பேசச் சொன்னால் பள்ளிக்கூடத்துக்குப் பாம்பும் பட்டாசும் கொண்டுபோகிற ரகம். தாயார் காமிலா என்ன செய்வாள்? பெண் நாலு பேரைப் போல இருக்கட்டும் என்று ஒரு கோடை முகாமுக்கு அனுப்ப ஏற்பாடு செய்கிறாள். பஸ்ஸுக்குக் காத்திருக்கிற நேரத்தில் ஓர் ஆந்தை இவள் புத்தகத்தைக் கவர்ந்துகொண்டு போகிறது. நம் ஊரில் ஆந்தை கத்தினாலே கதவைச் சாத்துவோம். இந்தப் பெண் அதன் பின்னாலேயே ஓடி, ஒரு பாழும் வீட்டுக் கதவுக்குள் நுழைந்துவிடுகிறாள். அந்தப் பக்கம் வேறு உலகம்; செத்துக் கிடக்கும் ஒரு பூதத்தின் உடம்பே தீவாகி, அதன் மேல் ஊரும் சந்தையும் சூனியக்காரப் பிள்ளைகளுக்கான பள்ளிக்கூடமும்!

அந்தப் பிள்ளைகளுக்கு மந்திரம் உடம்போடு பிறந்தது. லூஸுக்கு அது கிடையாது. ஆகையால் அவள் காகிதத்தில் வட்டம் போட்டு, உள்ளே கோடு இழுத்து, விரலால் தட்டுகிறாள்; வெளிச்சம் வருகிறது. நம்மவர்கள் தகட்டில் யந்திரம் கீறுவதைப் போலத்தான். பிறவியில் இல்லாததைப் பயிற்சியால் அடைகிற இந்த இடம் எனக்கு மிகவும் பிடித்தது.

அங்கே ஒரு சக்கரவர்த்தி. ஒவ்வொருவரும் ஒரே ஒரு வித்தையைத்தான் பயில வேண்டும், அதற்கான முத்திரையை உடம்பில் குத்திக்கொள்ள வேண்டும் என்பது அவன் கட்டளை. கடைசியில் பார்த்தால், கிரகணத்தன்று அந்த முத்திரைகளின் வழியாகவே எல்லாருடைய உயிரையும் உறிஞ்சிவிட அவன் திட்டம் போட்டிருக்கிறான். அவன் சூனியக்காரனே அல்ல. சில நூற்றாண்டுகளுக்கு முன் நம் உலகத்திலிருந்து போன சூனிய வேட்டைக்காரன். லூஸ் அவன் கையிலேயே முத்திரையைப் பதித்து, அவன் வினையை அவனுக்கே திருப்புகிறாள். நல்ல கட்டம்! அதற்குப் பிறகு, சிறையிலிருந்து விடுபட்ட ஒரு விண்வெளிப் பிள்ளை, விளையாட்டாக ஒரு விரலால் சந்திரனை நகர்த்திக் கிரகணத்தை நிறுத்திவிடுகிறது. அந்தப் பிள்ளையை முன்னமே கொஞ்சம் காட்டியிருக்கிறார்கள் என்றாலும், இது எனக்கு அவ்வளவாக ஒப்பவில்லை. தெய்வம் இறங்கிவந்து முடிச்சை அவிழ்ப்பது கதைக்காரனுக்குச் சௌகரியம், கதைக்கு அல்ல. நானும் அந்தச் சௌகரியத்தை அனுபவித்தவன்தான். அதைச் சொல்லத்தான் வருகிறேன்.

லூஸின் வளர்ப்புத் தம்பி மாதிரி ஒரு குட்டிப் பிராணி, கிங் என்று பெயர். அது அந்தப் பிள்ளையோடு விளையாட ஒப்புக்கொண்டு பின்தங்குகிறது. தன் குரலின் வேகத்தாலேயே லூஸைக் கதவுக்கு வெளியே தள்ளிவிடுகிறது. கதவு உடைகிறது. மழை கொட்டுகிறது. லூஸும் நான்கு சிநேகிதர்களும் நனைந்துகொண்டு காமிலாவின் வாசலில் வந்து நிற்கிறார்கள். அவ்வளவுதான். பருவம் முடிந்தது.

இதற்கு முன்பே காமிலா மகளிடம் ஒரு வாக்கு வாங்கியிருந்தாள்: திரும்பி வந்தால் இங்கேயே தங்கிவிட வேண்டும் என்று. பெண்ணும் கொடுத்திருந்தாள். இப்போது வந்துவிட்டாள். தாய் கேட்டது அப்படியே கிடைத்துவிட்டது; கிடைத்த விதம்தான் அப்படி. பேத்தி ஏன் அழுதாள் என்பது எனக்கு விளங்கிவிட்டது.

ஆனால் எனக்குத் தொண்டை அடைத்தது வேறு காரணத்தால். இந்த இரண்டாம் பருவம் ஒளிபரப்பாகத் தொடங்குவதற்கு முன்பே, 2021 மே மாதத்தில், ஓர் அறிவிப்பு வந்துவிட்டது. மூன்றாம் பருவம் உண்டு. மூன்றே மூன்று நீண்ட பகுதிகளோடு சரி. பார்ப்பவர்கள் குறைந்துபோனது காரணம் அல்ல, தங்கள் முத்திரைக்கு இந்தத் தொடர் பொருந்தவில்லை என்று மேலிடத்தில் நினைத்ததே காரணம் என்று டெர்ரேஸ் அந்த வருஷமே சொல்லியிருக்கிறார். ஆளுக்கொரு முத்திரை குத்தும் சக்கரவர்த்தியைப் படைத்தவருக்கு இப்படி ஒரு பதில்!

1983-இல் நான் ஒரு வாரப் பத்திரிகையில் தொடர்கதை எழுதிக்கொண்டிருந்தேன். நாற்பது வாரம் என்று பேச்சு. இருபத்திரண்டாவது வாரம் ஒரு கார்டு வந்தது: 'இன்னும் மூன்று வாரத்தில் முற்றும் போட்டுவிடவும்.' காரணம் எழுதவில்லை, நானும் கேட்கவில்லை. கதையில் பம்பாய்க்கு ஓடிப்போன பையன் ஒருவன். அவன் தாய் தினமும் கடைசி பஸ் வரும் நேரத்துக்கு ரோட்டடிக்குப் போய் நிற்பாள். மூன்று வாரத்தில் ஒரு கல்யாணத்தை நடத்தி, ஒரு நிலத்தை விற்று, ஒரு வில்லனுக்கு மாரடைப்பை வரவழைத்தேன். பையனுக்கு இடம் போதவில்லை. 'புறப்படுகிறேன்' என்று ஒரு தந்தியை அவன் பேரில் அடித்துவிட்டு, முற்றும் போட்டேன்.

என் அம்மா வாராவாரம் அதைப் படித்துவந்தாள். "வந்தானாடா அவன்?" என்று கேட்டாள்.

"புஸ்தகமாப் போடறப்போ எழுதறேம்மா" என்றேன்.

புத்தகம் வந்தது. பத்திரிகைப் பக்கங்களை அப்படியே அச்சுக் கோத்துவிட்டார்கள். நானும் அலைச்சலில் விட்டுவிட்டேன். அதைக் கையில் வாங்கியதும் அம்மா முதலில் கடைசிப் பக்கத்தைத்தான் புரட்டினாள். ஒன்றும் சொல்லவில்லை. மறு வருஷம் அவள் இல்லை.

மூன்றே பகுதிகள் கையில் இருக்கும்போது ஒருவர் என்ன செய்வார்? மாய உலகத்தில் சண்டை பாக்கி, சக்கரவர்த்தி பாக்கி, விண்வெளிப் பிள்ளை பாக்கி. நானாக இருந்தால் முதல் காட்சியிலேயே கதவைத் திறந்து எல்லாரையும் உள்ளே ஓடவிட்டிருப்பேன். டெர்ரேஸ் அப்படிச் செய்யவில்லை. 2022 அக்டோபரில் வந்த முதல் பகுதியைப் பெரும்பாலும் காமிலாவின் வீட்டையும் அந்த ஊரையும் சுற்றியே நடத்தியிருக்கிறார். ஊர் விட்டு வந்த நான்கு பிள்ளைகள் அந்த வீட்டில் மாதக்கணக்காகத் தங்குகிறார்கள். பேத்தி அதையும் எனக்குப் போட்டுக் காட்டினாள்.

முடிவில் கதவு மறுபடி திறக்கிறது. வாக்கு வாங்கிய தாய் மகளைப் பிடித்து நிறுத்தவில்லை. போ என்று சொல்லிவிட்டு வாசலில் நிற்கவும் இல்லை. பிள்ளைகளோடு தானும் உள்ளே போகிறாள்.

"பாட்டி மாதிரி இல்ல, தாத்தா?" என்றாள் பேத்தி.

நான் ரோட்டடியில் நிறுத்திவிட்டு வந்த அந்த அம்மாளை நினைத்துக்கொண்டிருந்தேன். கடைசி பஸ்ஸில் அவளை ஏற்றிவிடலாம் என்பது, 1983-இல், அந்த மூன்று வாரத்தில், எனக்குத் தோன்றவே இல்லை.