ஒரு நெடில் குறைந்த வழக்கு

ஈப்போ ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில் இருக்கும் உயர் நீதிமன்றத்தின் படிகளை முப்பது ஆண்டுகளுக்கு மேலாக ஏறி இறங்கியிருக்கிறேன். நிலத் தகராறு, கடன் பாக்கி, பாகப்பிரிவினை என்று கட்டுக் கட்டாக வழக்குகள் வந்து போயின. பலவற்றின் கட்சிக்காரர்கள் முகம்கூட மறந்துவிட்டது. ஒன்று மட்டும், கைப்பேசியில் நாலு வரி தமிழ் எழுத எடுக்கும்போதெல்லாம் நினைவுக்கு வருகிறது. குறிலா நெடிலா என்ற ஒரே கேள்வியில் நின்ற வழக்கு அது. நான் அதில் ஒரு தோட்டக் கம்பெனியின் வழக்கறிஞர் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கதையின் நடுவில் சொன்னால் மறைத்து வைத்ததுபோல் ஆகிவிடும்.

சுங்கை சிப்புட் வட்டாரத்தில் ஒரு ரப்பர்த் தோட்டம். சுங்கை சிப்புட் என்றால் துன் சம்பந்தன் ஞாபகம் வராமல் போகாது. தோட்டங்கள் துண்டாடி விற்கப்பட்ட காலத்தில், தொழிலாளர்களே பங்குப் பணம் போட்டு நிலத்தை வாங்கட்டும் என்று 1960இல் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கியவர். நான் சொல்லும் தோட்டம் அந்தக் கூட்டுறவின் கைக்குப் போகாதது. ரப்பர் போய்ச் செம்பனை வந்தது. செம்பனையும் போய் வீடமைப்பு வந்தது. தொழிலாளர்கள் குடியிருந்த லயத்து வீடுகளைக் காலி செய்ய வேண்டிய கட்டம். தோட்டத்து வீடு தொழிலாளிக்கு வாடகை வீடு அல்ல. வேலையோடு ஒட்டிய அனுமதி என்றே சட்டம் அதைப் பார்க்கிறது. வேலை முடிந்தால் அனுமதியும் முடிகிறது. மூன்று தலைமுறை அங்கே பிறந்து, பால் வெட்டி, செத்திருந்தாலும் கணக்கு அதுதான். ஆனாலும் என் கட்சிக்காரக் கம்பெனி, நல்ல மனத்தாலோ பத்திரிகைக்குப் பயந்தோ, ஒரு சலுகை கொடுத்தது: புதிய திட்டத்தில் ஒரு மலிவு விலை வீடு, அல்லது ஒரு தொகை ரொக்கம். எது வேண்டும் என்று குறித்த நாளுக்குள் சொல்லிவிட வேண்டும். கடிதம் மலாயில் இருந்தது. பின்னால் ஆங்கில நகல்.

பதிலைத் திரட்டும் வேலை தோட்டத்து எழுத்தரான ஆபீஸ் கிராணி தலையில் விழுந்தது. லயத்தில் ஒரு வீட்டில் கணவனை இழந்த ஓர் அம்மா, பால் வெட்டிலிருந்து ஓய்வு பெற்றவர். மகன் பினாங்கில் தொழிற்சாலையில் இரவு வேலை. அம்மாவிடம் தொலைபேசி இல்லை. 2004 தீபாவளிக்கு முந்தைய வாரம், கிராணி மகனுக்கு ஒரு குறுஞ்செய்தி அனுப்பினார். மகனிடமிருந்து ரோமன் எழுத்தில் இரண்டே சொல் திரும்பி வந்தது. முதல் சொல்: வி, ஐ, டி, யூ. இரண்டாவது, ‘வேண்டாம்’ என்பதைத் தவிர வேறெதுவாகவும் இருக்க முடியாது. கிராணி அதை ‘வீடு வேண்டாம்’ என்று படித்தார். பட்டியலில் அந்த வீட்டு எண்ணுக்கு நேரே ‘ரொக்கம்’ என்று எழுதினார். பட்டியல் முடிக்கப்பட்டது. காசோலை வந்தபோதுதான் அம்மாவுக்குச் சங்கதி தெரிந்தது. அவர் அதை மாற்றவில்லை. வீட்டைவிட்டு வெளியேறவும் இல்லை.

மகன் சொன்ன கதை வேறு. ‘அம்மாவைப் பார்த்துப் பேச இன்று ராத்திரி வீட்டுக்கு வரட்டுமா’ என்றுதான் கிராணி கேட்டாராம். ‘விடு, வேண்டாம்’ என்று இவன் பதில் போட்டானாம். கேள்வியைப் பார்த்தால் தீர்ந்தது என்பீர்கள். அந்தக் காலத்துக் கைப்பேசியில் கொஞ்சம் செய்திகள் சேர்ந்தாலே பெட்டி நிறைந்துவிடும். பழையதை அழித்தால்தான் புதியது வரும். கிராணி தான் அனுப்பியதைச் சேமித்து வைக்கவில்லை. மகனோ இடையில் கைப்பேசியை மாற்றிவிட்டான். பதில் மட்டும் மிஞ்சியது, கேள்வி இல்லாமல்.

இந்த வழக்குக்காகத்தான் முதன்முதலாக ஒரு கைப்பேசியின் விசைகளைச் சட்டப் புத்தகம் படிப்பதுபோல உட்கார்ந்து படித்தேன். பன்னிரண்டு விசை, அதில் எழுத்துள்ளவை எட்டு. ‘வி’ வேண்டுமென்றால் 8ஐ மூன்று முறை அழுத்த வேண்டும். வீடு என்பதை நெடிலோடு, இரண்டு ‘ஈ’ போட்டு எழுதப் பாருங்கள்: ‘ஈ’ 3ஆம் விசையில், அடுத்த ‘ஈ’யும் அதே விசையில், அதற்கடுத்த ‘டி’யும் அதே விசையில். இரண்டு அழுத்து, காத்திரு, இரண்டு அழுத்து, காத்திரு, ஒன்று. காத்திருக்காமல் அழுத்தினால் எழுத்து மாறிவிடும். மொத்தம் பத்து அழுத்தும் இரண்டு காத்திருப்பும். ஒற்றை ‘ஐ’ போட்டு எழுதினால் ஒன்பதே அழுத்து, எங்கும் நிற்க வேண்டியதில்லை. வேலைக்குள் நுழைய மணி அடிக்கும் நேரத்தில் யார் நெடிலுக்காகக் காத்திருப்பார்கள்? ஆகவே, அவன் எழுதியது வீடுதான் என்பது என் வாதம். இதை ஒரு படத்தோடு சத்தியப் பத்திரத்தில் சேர்த்தேன். எனக்கு அதில் சற்றுப் பெருமையும் இருந்தது.

குறைந்த விசைக்குள் தமிழை அடக்கும் சங்கடம் புதிதல்ல என்பதும் அப்போது படித்ததுதான். யாழ்ப்பாணத்துச் சுண்டிக்குளியில் 1886இல் பிறந்து மலாயாவுக்கு வந்து எழுத்தராக இருந்த ஆர். முத்தையா, 247 எழுத்தையும் ஓர் ஆங்கிலத் தட்டச்சுப் பொறியின் அளவுக்குள் கொண்டுவர வழி கண்டார். எழுத்துகளைப் பொது உறுப்புகளாகப் பிரித்தார்; புள்ளி போன்ற குறிகளை அழுத்தினால் தாள் நகராதபடி விசை அமைத்தார். நகராமல் நின்ற அந்த விசையால்தான் புள்ளியும் எழுத்தும் ஒரே இடத்தில் விழுந்தன. பிறகு கணினிக் காலத்தில் ஆளுக்கொரு விசைப்பலகை என்று ஆனது. 1999இல் சென்னையில் கூடிய தமிழ் இணைய மாநாட்டை ஒட்டித் தமிழ்நாட்டு அரசு ‘தமிழ்99’ஐ ஏற்றது. உயிர் இடக்கையில், மெய் வலக்கையில். அ, இ, உ விரல் தங்கும் வரிசையில். அவற்றின் நெடில்கள் ஆ, ஈ, ஊ நேர் மேலே. ஒரே மெய்யை இரண்டு முறை தட்டினால் முதலாவதுக்குத் தானே புள்ளி விழும். குறிலுக்கும் நெடிலுக்கும் ஒரே விலை, ஒரு தட்டு. ஆனால் அது மேசைக் கணினிக்கு. கைக்குள் அடங்கும் கருவிக்கு, நம் நாட்டு முத்து நெடுமாறன் உருவாக்கிய ‘செல்லினம்’ 2005 பொங்கலுக்குச் சிங்கப்பூரில் வெளியானது. மகன் அந்தச் செய்தியை அனுப்பி இரண்டு மாதம்தான் ஆகியிருந்தது.

தமிழ் வந்திருந்தாலும் எல்லாம் தீர்ந்திருக்கும் என்று சொல்லமாட்டேன். ஆங்கில எழுத்தில் ஒரு குறுஞ்செய்திக்கு 160 இடம். தமிழ் எழுத்தில் 70தான், அதிலும் புள்ளிக்கும் கொம்புக்கும் தனித்தனி இடம் போகும். வாங்குகிறவன் கைப்பேசியில் தமிழ் எழுத்துரு இல்லையென்றால் வரிசையாகக் கட்டங்கள் தெரியும். கட்டம் வந்திருந்தால் கிராணி திரும்பக் கேட்டிருப்பார் என்பது வேறு விஷயம். ரோமன் எழுத்தில் இருந்த வம்பே அது படிக்கக் கூடியதாக இருந்ததுதான்.

வழக்குக்கு வருகிறேன். அனுமதியின்றி நிலத்தில் இருப்பவரை வெளியேற்ற, அப்போது நடப்பிலிருந்த 1980ஆம் ஆண்டு உயர் நீதிமன்ற விதிகளில் 89ஆம் கட்டளை என்று ஒரு குறுக்கு வழி இருந்தது. சாட்சிக் கூண்டு கிடையாது. இரு தரப்பும் சத்தியப் பத்திரம் போட வேண்டும், நீதிபதி தம் அறையில் வாதம் கேட்டு முடிப்பார். வேகமான வழி; அதனாலேயே ஒரு கட்டுப்பாடும் உண்டு. உண்மையாக விசாரிக்க வேண்டிய தகராறு ஒன்று இருக்கிறது என்று எதிர்த்தரப்பு காட்டிவிட்டால், அந்த வழி அடைபடும். அம்மா ஜெயிக்க வேண்டியதில்லை. சந்தேகத்துக்கு இடம் இருக்கிறது என்று காட்டினால் போதும். அறைக்குள் வழக்கறிஞர்களுக்கு மட்டும்தான் இடம். அதனால் அந்த அம்மா, தன் வீட்டைப் பற்றிய வழக்கு நடந்த நாளெல்லாம் வராந்தா பெஞ்சில் துணிப்பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

எதிரில் வந்தவர் சட்ட உதவி மையம் அனுப்பிய இளம் பெண் வழக்கறிஞர். நான் இரண்டு குத்து வைத்திருந்தேன். ஒன்று: ‘விடு, வேண்டாம்’ என்றால் நடுவில் காற்புள்ளி எங்கே? அதற்கு அவர், அந்தக் கைப்பேசியில் காற்புள்ளி எந்த விசையில் இருக்கிறது என்று என்னைக் கேட்டார். 1ஆம் எண்ணில் தேட வேண்டும். நெடிலுக்கே நிற்காதவன் காற்புள்ளிக்கு நிற்பானா என்றார். என் ஆயுதத்தை என் மேலேயே திருப்புகிறார் என்று அப்போதே உறைத்திருக்க வேண்டும். இரண்டாவது குத்து தமிழ் தெரிந்தவன் மட்டும் வைக்கக் கூடியது: தோட்டத்தில் கிராணியைப் பார்த்து யாரும் ‘விடு’ என்று சொல்லமாட்டார்கள், ‘விடுங்க’ என்றுதான் சொல்வார்கள். ஆகவே அது ஏவல் அல்ல, வீடு. இதை நான் மலாயில் விளக்கி முடித்ததும், அந்தப் பெண் கோப்பிலிருந்து ஒரு புகைப்படத்தை எடுத்து வைத்தார். தோட்டத் தமிழ்ப் பள்ளியில் ஆறாம் வகுப்பு. கடைசி வரிசையில் கிராணியும் மகனும் ஒருவர் தோளில் ஒருவர் கை போட்டு நிற்கிறார்கள். “வாடா போடா பழக்கம், யாங் அரிஃப்” என்று நீதிபதியிடம் சொன்னார். அந்தச் சங்கதியை என் கிராணி என்னிடம் சொல்லவே இல்லை. கட்சிக்காரர்கள் வழக்கறிஞரிடம் பொய் சொல்வது குறைவு. கேட்காததைச் சொல்லாமல் விடுவதுதான் அதிகம்.

ஆவணம் தேசிய மொழியில் இல்லையென்றால் மொழிபெயர்ப்பு வைக்க வேண்டும் என்பது விதி. இரு தரப்பும் ஆளுக்கொரு மொழிபெயர்ப்பு வைத்திருந்தோம், ஒன்றில் வீட்டைக் குறிக்கும் ‘ரூமா’, மற்றதில் அந்தச் சொல்லே இல்லை. நீதிபதி நீதிமன்றத்தின் தமிழ் மொழிபெயர்ப்பாளரை அழைத்துத் தாளைக் கொடுத்தார். பழுத்த ஆள், அரை நூற்றாண்டுத் தமிழ் அவர் காதில் இருந்தது. கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு, “மொழிபெயர்ப்பதற்கு முன்னால் இதைத் தமிழில் எழுத வேண்டும், துவான். எப்படி எழுதுவது என்று யாராவது சொன்னால் மொழிபெயர்க்கிறேன்” என்றார். நீதிபதிக்குத் தமிழ் தெரியாது. ஓர் எழுத்தின் நீளத்தில் பொருளே மாறிவிடுமா என்று முதலில் நம்பாமல் கேட்டவர், இதைக் கேட்டதும் சிரித்தார். சிறுவயதில் ஜாவி எழுத்துப் படித்தவராம். அதில் பல இடங்களில் உயிரொலியை எழுதுவதில்லை. சொல்லை ஏற்கெனவே தெரிந்தவன்தான் படிக்க முடியும் என்றார். என் மூளையில் அப்போதுதான் முழுவதும் விடிந்தது. வீடு என்று நினைத்தவனும் இப்படித்தான் எழுதுவான் என்று பத்து அழுத்து, ஒன்பது அழுத்து கணக்குப் போட்டு நிரூபித்தேனே. விடு என்று நினைத்தவனுக்கு இதைவிட்டால் வேறு எழுத்தே இல்லையே. ஒரு சொல்லுக்கு இரண்டு பொருள் உண்டு என்பதை எதிர்த்தரப்பைவிட நான்தான் திறமையாக நிறுவியிருந்தேன்.

தீர்ப்பு நீளமில்லை. நீதிமன்றத்தின் சொந்த மொழிபெயர்ப்பாளரே ஒரு வழியில் படிக்க முடியாத செய்தியை வைத்து, விசாரணை இல்லாமல் ஒருவரை வெளியேற்ற முடியாது, மகன் சொன்னது தாயைக் கட்டுப்படுத்துமா என்பதும் விசாரிக்க வேண்டிய கேள்வி, மனு தள்ளுபடி. பல வருஷம் கழித்து, கையடக்கக் கருவியின் விசைகள் யாருடையவை என்று 2014இல் பிளாக்பெர்ரி கம்பெனி அமெரிக்காவில் டைப்போ என்ற நிறுவனத்தின் மேல் வழக்குப் போட்டுத் தடையாணை வாங்கிய செய்தியைப் படித்தேன். விசையின் வடிவத்துக்கு அங்கே காப்புரிமை இருந்தது. இங்கே விசையில் இடம் கிடைக்காத ஓர் எழுத்துக்குத்தான் வழக்கு.

அம்மா ஜெயித்தார் என்று சொல்லலாம். கம்பெனி முறையான வழக்கைப் புதிதாகத் தொடங்கலாம் என்று நானே ஆலோசனை சொன்னேன். அது என் வேலை. அதற்குள் புதிய திட்டத்து வீடுகள் பட்டியல்படி கைமாறிவிட்டன. லயத்தில் மற்ற வீடுகள் காலியாக, ஓடுகள் ஒவ்வொன்றாகக் காணாமல் போக, இவர் வீட்டில் மட்டும் விளக்கு எரிந்தது. ஒன்றரை வருஷம் கழித்துச் சமாதானம். முதலில் சொன்னதைவிடக் கொஞ்சம் கூடுதல் ரொக்கம், வீடு இல்லை. கொடுக்க வீடு மிச்சமில்லை.

ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட என் அலுவலகத்துக்கு வந்தார்கள், அம்மாவும் அந்தப் பெண் வழக்கறிஞரும். பத்திரம் மலாயில் இருந்தது. இந்த முறையாவது ஒழுங்காகச் செய்வோம் என்று, அதன் சாரத்தை ஒரு பக்கத் தமிழில் என் உதவியாளரைவிட்டுத் தட்டச்சு செய்து வைத்திருந்தேன். அம்மா தோட்டப் பள்ளியில் சில வருஷம்தான் படித்தவர். ஆனால் தினமும் பேப்பர் படிக்கிற பழக்கம். விரலை வரியின் கீழே ஓட்டி, வாய்விட்டுப் படித்துக்கொண்டே வந்தார். மூன்றாவது பத்தியில் விரல் நின்றது.

“லோயரையா, இங்க சுழி விட்டுப்போச்சுங்க.”

தாளை வாங்கிப் பார்த்தேன். ‘வீட்டை’ என்று இருக்க வேண்டிய இடத்தில் ‘விட்டை’ என்று இருந்தது. தமிழ்99இல் ஈ மேலே, இ கீழே. விரல் ஒரு வரிசை வழுக்கியிருக்கிறது. மறுபடி அச்சடிக்கட்டுமா என்று கேட்டேன். வேண்டாம், பேனாவால போடுங்க என்றார். சுழியைப் போட்டேன். திருத்தத்துக்குப் பக்கத்தில் அவர் ஒரு கையெழுத்து, நான் ஒரு கையெழுத்து.